பூக்காரர் விழாவும் கடைசி பாதுஷாவும்

ஐ.டி.ஓ. நிறுத்தத்தில் பஸ் மாறாத தில்லித் தமிழர் அநேகமாக இருக்க மாட்டார். அங்கிருந்து தில்லி கேட் நோக்கிச் செல்லும் சாலைக்குப் பகதூர் ஷா ஜாஃபர் மார்க் என்று பெயர். பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக அமைந்த சாலை அது. பெரோஸ் ஷா கோட்லாவுக்கு அருகே அந்தச் சாலையிலேயே பழைய கல் வாயில் ஒன்று நிற்கிறது. அதைக் கூனி தர்வாஸா என்பார்கள். ராமாயணத்துக் கூனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உருதுவில் கூன் என்றால் இரத்தம். 1857 செப்டம்பர் 22ஆம் தேதி பகதூர் ஷாவின் புதல்வர் இருவரையும் பேரன் ஒருவனையும் ஹாட்ஸன் என்ற ஆங்கிலேய அதிகாரி சுட்டுக் கொன்றது அந்த வாயிலருகேதான். தகப்பனார் பெயரைத் தாங்கிய சாலையில் பிள்ளைகள் மாண்ட இடத்தைக் கடந்து தினமும் ஆயிரக்கணக்கானோர் ஆபீசுக்குப் போய் வருகிறார்கள்.

அந்தத் தகப்பனாரைப் பற்றிப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இரண்டு வரி இருக்கும். கடைசி மொகலாயப் பாதுஷா. சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பின் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டார். ஆனால் 87 ஆண்டு வாழ்ந்த அந்த மனிதர் போரில் சம்பந்தப்பட்டது சுமார் நாலு மாத காலமே. மீதி வாழ்க்கையில் பெரும்பங்கு ஒரு நகரத்தோடும் அதன் திருவிழாக்களோடும் கவியரங்குகளோடும் கழிந்தது. விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு செங்கோட்டைக்கும் குதுப்மினாருக்கும் போகிற நம்மவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, அவர் நடமாடிய இடங்களில்தான் சுற்றிவிட்டு வருகிறார்கள்.

வேண்டாத மூத்த பிள்ளை

1775 அக்டோபர் 24ஆம் தேதி தில்லியில் பிறந்தார். அபூ ஜாஃபர் சிராஜுத்தீன் முகம்மது என்பது இயற்பெயர். ஜாஃபர் என்பதைப் பிற்காலத்தில் கவிதைகளுக்குப் புனைபெயராக வைத்துக்கொண்டார். அந்தச் சொல்லுக்கு வெற்றி என்று பொருள். பெயர்ப் பொருத்தம் பார்க்கிறவர்கள் இந்த இடத்தில் சற்றுத் தயங்கலாம். தாயார் லால் பாய் ராஜபுத்திர வம்சத்துப் பெண் என்பர்.

அவர் பிறந்தபோது பாட்டனார் ஷா ஆலம்தான் பாதுஷா. தில்லியிலிருந்து பாலம் வரையில்தான் அவருடைய ராஜ்யம் என்று ஜனங்கள் கேலி பேசிய காலம் அது. விமான நிலையத்துக்கு இடம் கொடுத்த அதே பாலம் கிராமம்தான். 1788இல் குலாம் காதிர் என்ற ரோஹில்லாத் தலைவன் செங்கோட்டைக்குள் புகுந்து அந்தக் கிழவரின் கண்களைக் குருடாக்கினான். பேரனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. 1803இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை தில்லியைப் பிடித்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து ஷா ஆலம் காலமாகவே, ஜாஃபரின் தந்தை இரண்டாம் அக்பர் ஷா பட்டத்துக்கு வந்தார். பட்டம் இருந்தது, ஆட்சி கம்பெனியின் ரெஸிடெண்ட் துரையிடம் இருந்தது.

மூத்த பிள்ளை என்ற முறையில் ஜாஃபர்தான் வாரிசு. தகப்பனாருக்கு அதில் விருப்பமில்லை. இளைய ராணி மும்தாஜ் மஹால் பேகத்தின் மகன் மிர்ஸா ஜஹாங்கீர் மீது அவருக்குக் கொள்ளைப் பிரியம். அவனைப் பட்டத்து இளவரசனாக்கும்படி கம்பெனிக்கு விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். அப்போதைய ரெஸிடெண்ட் ஸீட்டன் இணங்கவில்லை. இளரத்தம் கொண்ட ஜஹாங்கீர் முதலில் துரையைக் கேலி செய்தான். பிறகு ஒரு நாள் துப்பாக்கியால் சுட்டே விட்டான். குறி தவறியது. இளவரசனை அலகாபாதுக்கு அனுப்பிக் காவலில் வைத்தார்கள்.

தாய் மனம் பொறுக்கவில்லை. மகன் திரும்பி வந்தால் மெஹ்ரோலியில் உள்ள க்வாஜா குத்புத்தீன் பக்தியார் காக்கியின் தர்காவில் பூப்போர்வை சாத்துவதாக ராணி வேண்டிக்கொண்டாள். அவர் 1235இல் மறைந்த ஸூபி ஞானி. தில்லி ஜனங்களுக்குப் பெரிய நம்பிக்கை உண்டு. மகன் விடுதலையாகி வந்தான். ராணி பரிவாரத்தோடு மெஹ்ரோலிக்குப் புறப்பட்டாள். நகரமே பின்னால் திரண்டது. தில்லிப் பூக்காரர்கள் தங்கள் பங்காக ஒரு பெரிய பூ விசிறி கட்டிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தர்காவில் பூ சாத்திய கையோடு அருகிலேயே இருக்கும் யோகமாயா கோயிலுக்கும் பூ அனுப்பப்பட்டது. கம்ஸன் கையிலிருந்து நழுவி வானத்துக்குப் போனவளாகப் பாகவதம் சொல்லும் கண்ணனின் தங்கைதான் யோகமாயா. இது 1812 வாக்கில் நடந்தது என்பது வழக்கு. பாதுஷாவுக்குப் பிடித்துப்போய், ஆண்டுதோறும் நடக்க உத்தரவு போட்டார். இந்த விழாவுக்கு பூல்வாலோன் கீ ஸைர் என்று பெயர். பூக்காரர்களின் உல்லாசப் பயணம் என்று நம் மொழியில் சொல்லலாம்.

ஜஹாங்கீருக்கு அந்த வரவு நிலைக்கவில்லை. மறுபடி அலகாபாதுக்கு அனுப்பப்பட்டு, மதுவில் மூழ்கி, 1821இல் இளம் வயதிலேயே இறந்தான். எந்தத் தம்பியை முன்னிட்டுத் தன்னை ஒதுக்கினார்களோ, அந்தத் தம்பி திரும்பி வந்ததைக் கொண்டாடப் பிறந்த விழாவைத் தலையில் தூக்கி வைத்து வளர்த்தவர் அண்ணன் ஜாஃபர்தான். அதன் உச்ச காலம் அவர் காலம்.

லட்ச ரூபாய்ப் பென்ஷன்

1837 செப்டம்பர் 28ஆம் தேதி தந்தை இறந்த அன்றே ஜாஃபர் பட்டமேறினார். அப்போது வயது 61 முடிந்து 62 நெருங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் வேலையிலிருந்து ஓய்வுபெறும் வயதில் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. அதிலும் கையில் வந்தது மாதம் ஒரு லட்ச ரூபாய்ப் பென்ஷன் மட்டுமே. அன்றைய நிலையில் லட்சம் பெரிய தொகைதான். ஆனால் கோட்டைக்குள் அரச வம்சத்து உறவினர்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் என்கிறார்கள். பெயருக்கு இளவரசர்களான அவர்களில் பலர் ஒழுகும் கூரையின் கீழ்க் கஞ்சிக்கு வழியின்றி இருந்தார்கள்.

பென்ஷனை உயர்த்தக் கோரி அக்பர் ஷா காலத்திலேயே மனு போயிருந்தது. அந்த மனுவை எடுத்துக்கொண்டு லண்டன் போனவர் ராம்மோகன் ராய். அவருக்கு ராஜா பட்டம் கொடுத்தது இந்தத் தில்லி தர்பார்தான். மனு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ராய் 1833இல் பிரிஸ்டல் நகரில் காலமானார். கீழிருந்து மேலே போகும் மனுக்களின் கதி பாதுஷாவுக்கும் ஒன்றுதான் போலும்.

நம் ஊரில் இதற்கு இணையாக ஒருவரைச் சொல்லலாம். தஞ்சாவூர் சரபோஜி மன்னர் ஜாஃபரைவிட இரண்டு வயது இளையவர். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ராஜ்யத்தைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, கோட்டையையும் பென்ஷனையும் வைத்துக்கொண்டவர். ஆளுவதற்கு நாடில்லாத அந்த மன்னர் ஏடுகளையும் புத்தகங்களையும் சேர்த்தார். சரஸ்வதி மகால் நூலகத்தை நாம் இன்றும் பார்க்கிறோம். அவர் மகன் 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தவுடன் தஞ்சை அரசு முடிந்தது. தில்லியிலும் கம்பெனி அதற்கான ஏற்பாட்டை அப்போதே செய்து வைத்திருந்தது.

ஜாஃபர் சேர்த்தது கவிதை. உருதுவிலும் பாரசீகத்திலும் எழுதினார்; விரஜ பாஷையிலும் பஞ்சாபியிலும்கூட எழுதினார். அவர் கையெழுத்தே ஒரு சித்திரம் போலிருக்கும். எழுத்துக் கலையில் அவருக்கு அவ்வளவு தேர்ச்சி. இளமையில் குதிரைச் சவாரியிலும் துப்பாக்கி சுடுவதிலும் பெயர் வாங்கியவர், முதுமையில் பட்டம் விடுவதில் மனம் லயித்தார். அந்நாளில் யமுனை கோட்டைச் சுவரை ஒட்டி ஓடியது. இன்று ரிங் ரோடில் பஸ் ஓடும் பக்கத்தில் மணல்திட்டு இருந்தது. மாலை வேளையில் அங்கே பாதுஷாவின் பட்டம் பறக்கும். மௌலா பக்ஷ் என்ற யானை அவருக்குச் செல்லம். அது குழந்தைகளோடு விளையாடும் என்று பழைய தில்லியில் கதை கதையாகச் சொல்வார்கள்.

கவிதைக்கு அவர் குரு ஸௌக். மிகச் சொற்பச் சம்பளத்தில் தொடங்கி அரசவைப் புலவரானவர். அவரைவிடப் பெரிய கவியான மிர்ஸா காலிப் நெடுநாள் வாசலிலேயே நிற்க வேண்டியிருந்தது. 1850இல்தான் மொகலாய வம்ச சரித்திரத்தைப் பாரசீகத்தில் எழுதும் வேலை அவருக்குக் கிடைத்தது. சம்பளம் மாதம் 50 ரூபாய். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் பட்டுவாடா. கடன்காரர் தொல்லை தாங்காத காலிப், மாதாமாதம் கொடுக்கும்படி ஒரு விண்ணப்பத்தைச் செய்யுளாகவே எழுதி அனுப்பினார். சம்பள நாளை எண்ணிக்கொண்டிருக்கும் எந்தக் குமாஸ்தாவுக்கும் அந்த விண்ணப்பத்தின் வேதனை விளங்கும். 1854இல் ஸௌக் இறந்தபின் காலிப் பாதுஷாவின் குருவானார்.

எல்லோருக்கும் பண்டிகை

ஈத் பெருநாளும் மொஹரமும் கோட்டையில் நடந்தது போலவே ஹோலியும் தசராவும் தீபாவளியும் நடந்தன. ஹோலியின்போது ஏழு கிணற்றுத் தண்ணீரில் பாதுஷா நீராடுவார். ஹோலிப் பாட்டுகள் அவரே எழுதியிருக்கிறார். தசரா அன்று நீல்கண்ட் என்ற பறவையை அவர் முன்னிலையில் பறக்க விடுவார்கள். நாம் பனங்காடை என்று சொல்லும் பறவைதான் அது. தீபாவளிக்குத் தராசில் ஒரு பக்கம் பாதுஷாவும் மறுபக்கம் ஏழு வகைத் தானியமும் வைத்து நிறுத்து, தானியத்தை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். நம் கோயில்களில் நடக்கும் துலாபாரம் மாதிரிதான்.

இத்தனையிலும் ஜனங்கள் ஆவலோடு காத்திருந்தது பூக்காரர் விழாவுக்கு. மழைக்காலம் முற்றி, மாந்தோப்புகள் பசுமையாகி, மெஹ்ரோலியில் ஷம்ஸி குளம் தளும்பும்போது விழா வரும். குளம் இல்தூத்மிஷ் சுல்தான் வெட்டியது. அதன் உபரி நீர் விழும் இடத்தில் ஜர்னா என்ற அருவித் தோட்டம். பையன்கள் அங்கே மதிலிலிருந்து குதித்து நீச்சல் அடிப்பார்கள். தோப்புகளில் பெண்களுக்கு ஊஞ்சல் கட்டியிருக்கும்.

நாள் குறித்ததும் பாதுஷா முன்னதாகவே மெஹ்ரோலி அரண்மனைக்குப் போய்விடுவார். தகப்பனார் கட்டிய அந்த மாளிகைக்கு 1847-48இல் பெரிய வாயில் ஒன்றை எழுப்பினார் ஜாஃபர். அம்பாரி வைத்த யானையே நுழையலாம் என்பதால் ஹாத்தி தர்வாஸா என்று பெயர். மாளிகைக்கு இன்று ஜாஃபர் மஹால் என்றே பெயர் வழங்குகிறது. நகரத்தார் மாட்டு வண்டியிலும் பல்லக்கிலும் கால்நடையாகவும் வருவார்கள். ஷாஜஹானாபாதிலிருந்து மெஹ்ரோலிக்கு ஏறக்குறைய 17 கிலோமீட்டர். கோட்டை மதிலுக்குள் அடைந்து கிடந்த நகரம் இரண்டு மூன்று நாளைக்குக் காலியாகி, கிராமத்துக்குக் குடிபோனது போலிருக்கும். கடைக்காரர், சேவல் சண்டைக்காரர், மல்லர், கவ்வாலி பாடகர் எல்லோருக்கும் அங்கே பிழைப்பு உண்டு.

பங்க்கா எனப்படும் பூ விசிறிகள்தான் விழாவின் உயிர். மூங்கில் சட்டத்தில் பூவும் ஜரிகையும் வைத்துக் கட்டி, நீண்ட கழியில் உயர்த்திப் பிடிப்பார்கள். நம் கோயில் புறப்பாட்டில் வரும் ஆலவட்டத்தைப் பெரிதாக்கிப் பூவால் மூடினால் எப்படியோ அப்படி. ஷெனாயும் டோலும் முழங்க, தீவட்டி வெளிச்சத்தில் பங்க்கா ஊர்வலம் மெஹ்ரோலிக் கடைவீதி வழியே போகும். ஒரு நாள் யோகமாயா கோயிலுக்கு, மறுநாள் தர்காவுக்கு. கோயிலுக்கு முஸ்லிம்கள் உடன் போவார்கள். தர்காவுக்கு இந்துக்கள் உடன் வருவார்கள். பாதுஷாவுக்கு இரண்டும் ஒன்று. நாகூர் கந்தூரியில் சந்தனக்கூட்டுக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, சமயபுரத்தில் பூச்சொரிதல் பார்த்தவர்களுக்கு, இதில் அதிசயிக்க ஒன்றும் இராது. நாகூர் தர்காவின் மிக உயரமான மனோராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மன் அல்லவா?

இந்த மெஹ்ரோலி தர்காவின் அருகில், மோதி மஸ்ஜித் என்ற சிறு வெண்சலவைக்கல் மசூதியை ஒட்டி, சலவைக்கல் தடுப்புக்குள் மொகலாய வம்சத்தின் சில கல்லறைகள் இருக்கின்றன. பாட்டனார் ஷா ஆலம் அங்கே அடக்கமானார். தகப்பனார் அக்பர் ஷாவும் அங்கேதான். இருவருக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் இடத்தை ஜாஃபர் தமக்கென்று ஒதுக்கி வைத்தார். ஆண்டுதோறும் பூ வரும் இடத்தின் பக்கத்தில் கிடக்க வேண்டும் என்று அந்தக் கிழவருக்கு ஆசை இருந்திருக்கலாம்.

எல்லாம் புகழ்ச்சிதான் என்றில்லை. அறுபத்து நாலு வயதுக்கு மேல், 1840இல், ஜீனத் மஹால் என்ற இளம் பெண்ணை மணந்தார். அதன் பிறகு அந்தப்புரத்தின் சொல்தான் சொல். அவள் மகன் ஜவான் பக்த்தை வாரிசாக்க, மூத்த பிள்ளைகளை ஒதுக்கிக் கம்பெனிக்கு எழுதத் தொடங்கினார். தகப்பனார் தமக்குச் செய்த அதே அநியாயத்தைத் தம் பிள்ளைகளுக்குத் தாமே செய்தார். 1852இல் ஜவான் பக்த்தின் கலியாணத்துக்குக் கடன் வாங்கி வாரி இறைத்தார். அதே ஆண்டு கம்பெனி, அடுத்த வாரிசான மிர்ஸா ஃபக்ரூவிடம் ரகசியமாக ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கியது. பட்டத்துக்கு வந்ததும் செங்கோட்டையைக் காலி செய்துவிட்டு மெஹ்ரோலிக்குக் குடிபோக வேண்டும். ஃபக்ரூ 1856இல் இறந்தான். ஜாஃபரோடு பாதுஷா பட்டமே முடிந்துவிடும் என்று கம்பெனி தீர்மானித்துக் காத்திருந்தது.

நாலு மாதம்

1857 மே 11ஆம் தேதி திங்கட்கிழமை காலை மீரட்டிலிருந்து சிப்பாய்கள் யமுனையின் படகுப் பாலத்தைக் கடந்து வந்து கோட்டையின் கீழ் நின்றார்கள். தங்களுக்குத் தலைமை வேண்டும் என்றார்கள். 81 வயதுக் கிழவர் மனமின்றி ஒப்புக்கொண்டார். ஐந்து நாள் கழித்து, கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்த 52 ஐரோப்பியர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர் அதை விரும்பவில்லை என்பதற்குச் சான்று உண்டு. தடுத்து நிறுத்தவும் இல்லை. அந்தக் கறை அவர் பெயரில் ஒட்டிக்கொண்டது.

அவர் பெயருக்குப் பெருமை சேர்க்கும் உத்தரவு ஒன்றும் அந்த முற்றுகைக் காலத்திலேயே பிறந்தது. ஆகஸ்டு தொடக்கத்தில் பக்ரீத் வந்தது. நகரத்தில் இரு மதத்துச் சிப்பாய்களும் நிறைந்திருந்தார்கள். மதில் வெளியே மேட்டில் ஆங்கிலேயர், உள்ளே கலவரம் மூளும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். பசுவதை கூடாது, மீறினால் கடுந்தண்டனை என்று பாதுஷா பறையறைவித்தார். பக்ரீத் அமைதியாகக் கழிந்தது. மெஹ்ரோலியில் பூ விசிறிக்குப் பின்னால் நடந்த மனிதர் வேறு எப்படி உத்தரவு போடுவார்?

செப்டம்பர் 14இல் ஆங்கிலேயர் நகருக்குள் புகுந்தார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்தது. தளபதி பக்த் கான் தம்மோடு வந்துவிடும்படி அழைத்தார். பாதுஷா போகவில்லை. ஹுமாயூன் கல்லறையில் தங்கியிருந்தவர் ஹாட்ஸனிடம் சரணடைந்தார். மறுநாள்தான் கூனி தர்வாஸாவில் பிள்ளைகள் மாண்டார்கள்.

1858 ஜனவரி 27ஆம் தேதி செங்கோட்டையில் அவருடைய சொந்த திவானி காஸ் மண்டபத்திலேயே விசாரணை தொடங்கியது. ராஜத் துரோகம் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. கம்பெனி வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமையையே 1765இல் இவருடைய பாட்டனாரிடமிருந்துதான் பெற்றது. 1835 வரை கம்பெனி நாணயங்களில் அந்தப் பாட்டனார் பெயர்தான் இருந்தது. யார் யாருக்குத் துரோகம் செய்தது என்ற கேள்வியை அந்த நீதிமன்றம் எழுப்பவில்லை. கிழவர் பல நாள் கட்டிலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மார்ச் 9ஆம் தேதி குற்றவாளி என்று தீர்ப்பானது. உயிருக்கு முன்பே உத்தரவாதம் கொடுத்துவிட்டதால் நாடு கடத்தும் தண்டனை.

நகரமும் தண்டிக்கப்பட்டது. ஜனங்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஜும்மா மசூதி 1862இல்தான் திரும்பக் கிடைத்தது. கோட்டைக்குள் அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துச் சிப்பாய்ப் பாரக்குகள் கட்டினார்கள். ஹயாத் பக்ஷ் தோட்டத்துக் குளத்தின் நடுவே 1842இல் ஜாஃபர் கட்டிய செங்கல் நிற மண்டபம் தப்பியது. குளம் வெள்ளைச் சிப்பாய்களுக்கு நீச்சல் தொட்டியாயிற்று. 1866இல் யமுனைக்கு இரும்புப் பாலம் போட்டு, கோட்டையை ஒட்டிய ஸலீம்கட்டின் குறுக்கே ரயில் பாதையைக் கொண்டுவந்தார்கள். பாதுஷாவின் கிரீடமும் இரண்டு ஆசனங்களும் டைட்லர் என்ற ராணுவ அதிகாரியிடம் போய், 1861இல் விக்டோரியா ராணி அவற்றை 500 பவுனுக்கு விலைக்கு வாங்கினார். கிரீடம் இன்றும் இங்கிலாந்து அரச குடும்பத்துச் சேகரிப்பில் இருக்கிறது. அவருடையதும் பேகத்துடையதுமான பட்டு அங்கிகள் தில்லியில் தங்கின. செங்கோட்டைப் பொருட்காட்சிசாலையில் அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள்.

ரங்கூன்

1858 அக்டோபர் 7ஆம் தேதி விடியுமுன், சுமார் முப்பது பேரோடு, மாட்டு வண்டிகளில் பாதுஷா தில்லியை விட்டுப் புறப்பட்டார். வழியனுப்ப யாரையும் விடவில்லை. அலகாபாதில் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். மீதிப் பேர் கங்கை வழியே கல்கத்தா சேர்ந்து, அங்கிருந்து கப்பலேறி டிசம்பரில் ரங்கூன் சேர்ந்தார்கள். அரசர்களை ஊர் மாற்றி ஊர் சிறை வைப்பது ஆங்கிலேயருக்குக் கைவந்த கலை. கண்டி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். பிற்பாடு பர்மா அரசர் தீபாவை ரத்தினகிரிக்கு அனுப்பினார்கள். தில்லி அரசருக்கு ரங்கூன்.

ஸ்வேதகோன் பகோடாவுக்கு அருகே ஒரு மரவீட்டில் காவல். பதினாறு பேர் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 11 ரூபாய். காவல் அதிகாரி டேவிஸ் இன்னொரு கட்டுப்பாடும் வைத்திருந்தார். பேனா, மை, காகிதம் எதுவும் கைதிகளுக்குக் கொடுக்கக்கூடாது. வாழ்நாள் முழுவதும் எழுதிய மனிதருக்கு இது மரண தண்டனைக்குச் சமானம். ரங்கூனில் அவர் எழுதியதாக இன்று பாடப்படும் சில கஜல்கள் உண்மையில் அவருடையவைதாமா என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்படுவதும் இதனால்தான்.

1862 நவம்பர் 7ஆம் தேதி வெள்ளிக்கிழமை அதிகாலை உயிர் பிரிந்தது. அன்று மாலைக்குள் காவல் கொட்டடியின் பின்புறமே புதைத்துவிட்டார்கள். செங்கல் கட்டிய குழியை மூடி, மேலே புல் பதித்து, தூரத்தில் மூங்கில் வேலி போட்டார்கள். வேலி உளுத்துப் போவதற்குள் புல் வளர்ந்து, கடைசி மொகலாயர் எங்கே கிடக்கிறார் என்று எவருக்கும் தெரியாமல் போகும் என்பது அதிகாரியின் கணக்கு. கணக்கு நெடுங்காலம் பலித்தது. ரங்கூன் முஸ்லிம்கள் வற்புறுத்திய பிறகு 1907இல் உத்தேசமாக ஓர் இடத்தில் கல் நாட்டினார்கள். உண்மையான குழி 1991 பிப்ரவரியில், வாய்க்கால் வெட்டும்போது மூன்றரை அடி ஆழத்தில் அகப்பட்டது.

கல் நாட்டிய அந்த இடத்துக்கு 1943 செப்டம்பரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வந்தார். இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்போடு மரியாதை செலுத்தி, தில்லி நோக்கிப் புறப்படுவதாகச் சபதம் செய்தார். அந்த ராணுவத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் ஏராளம். பால் வெட்டும் கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்தவர்கள், முன்பின் கேட்டறியாத ஒரு தில்லிக் கிழவரின் சமாதியிலிருந்து தில்லிக்குப் பயணம் தொடங்கினார்கள். கடைசியில் 1945 நவம்பரில் அந்த ராணுவத்து அதிகாரிகளை நிறுத்தி விசாரித்ததும் செங்கோட்டையில்தான். 2019 ஜனவரியில் கோட்டைக்குள் பழைய பாரக்குகளில் 1857 போராட்டத்துக்கு ஒரு பொருட்காட்சிசாலையும், நேதாஜி படைக்கு ஒன்றும் திறந்தார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். திங்கட்கிழமை கோட்டைக்கு விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ராமேஸ்வரத்திலிருந்து ராஷ்டிரபதி பவனத்துக்கு வந்த அப்துல் கலாம் 2006 மார்ச்சில் பர்மா சென்றபோது ரங்கூன் சமாதியில் பிரார்த்தனை செய்தார். எலும்புகளையாவது தில்லிக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. ரங்கூன் மக்களோ அவரை ஒரு பாதுஷாவாக நினைப்பதைவிட ஒரு பீராக நினைத்து விளக்கேற்றுகிறார்கள். அவர்களிடமிருந்து எடுத்து வருவது எளிதல்ல. சரியா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

பூக்காரர் விழா பாதுஷா போனபிறகும் நடந்து வந்தது. 1942இல் வெள்ளையனே வெளியேறு கிளர்ச்சியின்போது ஆங்கிலேய சர்க்கார் அதை நிறுத்தியது. இருபது ஆண்டு கழித்து, பிரதமர் நேரு அக்கறை எடுத்ததன் பேரில் மீண்டும் தொடங்கியது. விழாவுக்கு மாநிலங்களிலிருந்தெல்லாம் பங்க்காக்கள் வரும் வழக்கமும் ஏற்பட்டது.

மெஹ்ரோலி ஆர்.கே.புரம் மலை மந்திரிலிருந்து அதிக தூரமில்லை. மெட்ரோவில் போனால் மஞ்சள் பாதையில் குதுப்மினார் நிலையம். குதுப்மினாரைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். கடைவீதிக்குள் இன்னும் கொஞ்சம் நடந்தால் யோகமாயா கோயில் வரும். அதையும் தாண்டிச் சந்துக்குள் போனால் தர்காவும், மேல்தளம் இடிந்த ஜாஃபர் மஹாலும், அதன் பெரிய யானை வாயிலும். பக்கத்தில் மோதி மஸ்ஜித்தை ஒட்டிய சலவைக்கல் தடுப்புக்குள் எட்டிப் பார்த்தால் ஷா ஆலமின் கல்லறை தெரியும். அக்பர் ஷாவின் கல்லறை தெரியும். நடுவில் ஓர் ஆள் படுக்கும் அளவு தரை, கல் எதுவும் இல்லாமல் இருக்கிறது.